ஜனாதிபதி வேட்பாளரை ஏன் ஆதரிக்கிறோம் என்பதை எழுதிச் சொல்வது எப்படி

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால், தேநீர்க் கடை முதல் கலியாண வீடு வரை எல்லா இடங்களிலும் "நீங்கள் ஆருக்கு?" என்ற கேள்வி எழும். பெயரைச் சொல்லிவிடலாம், ஆனால் "ஏன்?" என்ற அடுத்த கேள்விக்கு, மேடையில் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் சொந்தக் காரணத்தை எடுத்துரைப்பதற்குச் சற்று உழைப்பு வேண்டும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் 38 பேர் போட்டியிட்டனர். எங்கள் வீட்டில் நால்வர் நான்கு பக்கம் நின்றோம். பின்வரும் முறை அந்த வாரங்களில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விகளிலிருந்து வந்தது.

முதலில், உங்கள் வாழ்வில் உள்ள ஒரு விடயத்தைத் தேர்ந்தெடுங்கள். என் சின்னம்மா தாம் விரும்பிய வேட்பாளரைப் பற்றி, "அவர் நல்ல மனுசன், தம்பி" என்று மட்டும்தான் சொன்னார். "மற்ற 37 பேரிலையும் நல்ல மனுசர் இருப்பினமே, சின்னம்மா?" என்று கேட்டேன். பதில் பேசாமல் உள்ளே போனவர், அலுமாரியிலிருந்து பொலித்தீன் பையொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிவந்தபோது கையில் எடுத்து வந்த காணி உறுதி அதற்குள் இருந்தது. மடிப்புகளில் தாள் கிழிந்து, ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. "இதை விடச் சொல்லி ஆமிக்குச் சொல்லக்கூடியவர் ஆர்? அவரிட்டைத்தானே கேக்க வேணும்." காரணம் அங்கேதான் இருந்தது. அதை இப்படி எழுதிக்கொண்டோம்: "முப்பத்து நான்கு ஆண்டுகளாக எங்கள் காணி முட்கம்பி வேலிக்குள் கிடக்கிறது, காணி விடுவிப்பைத் தமது விஞ்ஞாபனத்தில் எழுத்தில் வைத்தவர் என்பதால் இவரை ஆதரிக்கிறேன்." அவ்வாறு எழுதும்போது விஞ்ஞாபனத்தில் அந்த வரி இருக்கும் பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், வேட்பாளர் சொன்னதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது போதாது.

அடுத்து, அந்த விடயம் ஜனாதிபதியின் கைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே ஆயுதப் படைகளின் தளபதி. ஆகவே முகாம்களுக்குள் இருக்கும் காணிகளைப் பற்றிய தீர்மானம் பெருமளவு அவரிடம் இருக்கிறது. மாகாண ஆளுநர்களை நியமிப்பவரும், கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கக்கூடியவரும் அவரே. ஆனால் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதற்குப் பாராளுமன்றம் வேண்டும்; அரசியலமைப்பைத் திருத்துவதற்கு அங்கே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வட மாகாண சபைக்குக் கடைசியாக 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்து, 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தபின் மறுபடி தேர்தல் நடக்காமல் இருப்பதற்கும், தொகுதி எல்லை நிர்ணயத்தோடு பாராளுமன்றத்தில் சிக்கிய சட்டமே முக்கிய காரணம். ஆகவே உங்கள் காரணம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றால், "இவர் மாற்றுவார்" என்று எழுதாமல், பாராளுமன்றத்தில் அதற்கான ஆசனங்கள் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 2024 செப்டெம்பரில், அந்தத் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் அணிக்கு 225 பேர் கொண்ட சபையில் மூன்று ஆசனங்களே இருந்தன. அவரை ஆதரித்தவர்கள் அந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நவம்பர் பொதுத் தேர்தலில் 159 ஆசனங்கள் கிடைத்தன என்பது பிந்திய கதை.

மூன்றாவதாக, உங்கள் வேட்பாளரிடம் உங்களுக்குப் பிடிக்காததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அநுரவை ஆதரித்த என் தம்பிக்கு, வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர்கள் அநுரவின் கட்சியான ஜே.வி.பி.யினர் என்பதற்குப் பதில் வேண்டியிருந்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு ஆதரவாக எரிபொருள் வரிசைகள் மறைந்ததைச் சொன்ன மைத்துனரால், 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் நடக்காமல் போனதைக் கடந்து போக முடியவில்லை. சஜித் பிரேமதாசவை ஆதரிப்போர் "தமிழரசுக் கட்சி சொல்லிவிட்டது" என்று நிறுத்திக்கொண்டால் அது கட்சியின் காரணமே தவிர, அவர்களுடையது அல்ல. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்களித்தவர்களிடம் "வெல்லாதவருக்கு ஏன்?" என்றார்கள்; வெல்வதற்காக அல்ல, தமிழர் நிலைப்பாட்டை எண்ணிக்கையில் பதிவு செய்வதற்காக என்று சொல்லியவர்களின் பேச்சு தெளிவாக இருந்தது. அவருக்கு 226,343 வாக்குகள் விழுந்தன.

நான்காவதாக, இரண்டாம் விருப்பு வாக்கு, அதாவது வாக்குச்சீட்டில் 2 என்ற இலக்கம், யாருக்கு என்பதையும் எழுதிப் பாருங்கள். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்பட்டு, அவர்களுக்கு 1 இட்ட சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்புகள் எண்ணப்படும். 2024இல் தான் முதன்முறையாக அது நடந்தது. அதனால் அநுர 5,634,915 இலிருந்து 5,740,179 வாக்குகளுக்கும், சஜித் 4,363,035 இலிருந்து 4,530,902 வாக்குகளுக்கும் உயர்ந்தனர். வேறுபாட்டைக் கடக்க அது போதவில்லை. ஆனால் உங்கள் காரணத்தைச் சோதிப்பதற்கு 2 என்ற இலக்கம் மிகவும் உதவும். காணிதான் காரணம் என்றால், காணி விடயத்தில் அடுத்தபடி நம்பத்தக்கவருக்கே அது போக வேண்டும். மனம் வேறொருவரைக் காட்டினால், நீங்கள் எழுதி வைத்த காரணம் உண்மையான காரணம் அல்ல. திரும்ப முதல் வரிக்குப் போங்கள். நான் இரண்டு முறை போனேன்.

எழுதியதை அரைப்பக்கத்துக்குள் அடக்கி, உறவினர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலங்கள் அமைதிக் காலம் என்பதால், பிறரை இணங்க வைக்கும் பேச்சையும் பகிர்வையும் அதற்கு முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும். அடையாளமிட்ட வாக்குச்சீட்டைக் கைபேசியில் படமெடுப்பது கூடாது. சின்னம்மா தமது அரைப்பக்கத்தை மடித்து, அந்தப் பொலித்தீன் பைக்குள் உறுதியோடு சேர்த்து வைத்துவிட்டுத்தான் வாக்களிக்கப் போனார்.