ஜிப்லி படங்களை எங்கிருந்து தொடங்கலாம்?

ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ எடுத்த அனிமேஷன் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையா? 1988-இல் வந்த ‘மை நெய்பர் டோட்டோரோ’விலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது, வில்லனும் கிடையாது. ஜப்பானிய ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், ஏனென்றால் இதன் இயக்குநர் மியாசாகியின் படத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று நாம் போனை எடுக்கிற இடத்தில்தான் விஷயமே இருக்கும்.

மழையில் ஒரு பஸ் ஸ்டாப் காட்சி வரும். டோட்டோரோ என்கிற அந்தப் பெரிய உருவம், சிறுமி கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு நிற்க, மரத்துத் துளிகள் குடைமேல் பட்பட்டென்று விழ, சத்தம் பிடித்துப்போய் அது ஒரே குதி குதிக்கும், மேலே தேங்கிய தண்ணீரெல்லாம் மொத்தமாகக் கொட்டும். இதையெல்லாம் ஓட்டிவிட்டுப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்!

இரண்டாம் முறை கதையை விட்டுவிட்டு, காஸுவோ ஓகா கலை இயக்கத்தில் கையால் வரைந்த பின்னணிகளை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001), ஆஸ்கர் வாங்கியது. ஜிப்லியின் இன்னொரு இயக்குநர் தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ டோட்டோரோவோடு ஒரே நாளில் ஜோடியாக வெளியான படம்தான், ஆனால் போரில் தவிக்கும் அண்ணன் தங்கை கதை. கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.