பழைய நூலுக்கு உருநகல் கட்டுவது எப்படி?

பதிப்புரிமைக் காலம் முடிந்த ஒரு பழைய நூலை, அதன் எழுத்தும் பக்க அமைப்பும் அளவும் மாறாத உருநகலாகக் கையால் கட்டிச் சேகரிப்பில் வைக்க விரும்புவோருக்காக, நான் செய்து கற்ற முறையை எழுதுகிறேன்.

மூல நூலைத் தட்டையாக அழுத்தி ஸ்கேன் செய்தால் முதுகு பிளந்துவிடக்கூடும். ஆகவே 90 பாகைக்கு மேல் விரியாதபடி 'வி' வடிவத் தாங்கியில் வைத்து, அங்குலத்துக்கு 400 புள்ளிகளுக்குக் குறையாமல் கேமராவில் வண்ணத்தில் எடுங்கள். பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகினால் மறுபக்க எழுத்து தெரிவது பெரிதும் குறையும். ஒரு படத்திலாவது அளவுகோல் இருக்கட்டும்.

எடுத்த பக்கப் படங்களைச் சீராக்க ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருள் போதும். கறையை நீக்கலாம், ஆனால் படத்தை முழுக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் ஈய எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கிய தடமும் அதனோடு போய்விடும்.

என்னைத் தடுக்கி விழவைத்தது தாளின் இழையோட்டம், அதாவது தாளிலுள்ள நார்கள் ஓடும் திசை. இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், பசை பட்டதும் தாள் அலையலையாக நெளியும், நூல் திறந்தபடி படியாது. கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், அதை இரண்டாக மடித்தபோது என் முதல் நூல் முழுவதும் வீணாயிற்று. நீளவாக்கில் இழையோடும் ஏ3 தாளை வாங்கிக் குறுக்கே இரண்டாக வெட்டிக்கொண்டால் இச்சிக்கல் தீரும். ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது எந்தத் திசையை அச்சாகக் கொண்டு சுருள்கிறதோ, அதுவே இழையின் திசை. தாள் அமிலமற்றதாக இருக்கட்டும்.

நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் 16 பக்க ஃபாரம் கிடைக்கும். மடிப்பில் துளையிட்டு, மெழுகு தடவிய லினன் நூலால் ஃபாரங்களைப் பிணைத்துத் தையுங்கள். முதுகுக்கு நான் கோதுமைப் பசையையே விரும்புகிறேன்; பின்னாளில் பழுதுபார்க்க நேர்ந்தால் அது நீரில் இளகிவிடும்.

பிற்சேர்க்கை: அச்சிட்ட எழுத்து மூலத்தைவிடச் சிறிதாக வந்ததாக வாசகர் இருவர் தெரிவித்தனர். அச்சிடும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கி 100 விழுக்காடு என வையுங்கள். பிறகு, அச்சில் வந்த அளவுகோலின் படத்தை உண்மையான அளவுகோலோடு ஒப்பிடுங்கள். கடைசிப் பக்கத்தில், இது உருநகல் என்பதையும் கட்டிய ஆண்டையும் அழியாத மையில் குறித்துவிடுங்கள்; நாளை எவரும் இதை மூலப் பதிப்பென்று விற்றுவிடக் கூடாது.