ஆன்வேர்ட் டிக்கெட்டால ரெண்டு தடவை திரும்பி வந்த விசா

60 நாள் டூரிஸ்ட் விசாவுக்கு அப்ளை பண்ணேன், ரெண்டு தடவையும் ஆன்வேர்ட் டிக்கெட்டை, அதாவது விசா முடியுறதுக்குள்ள அந்த நாட்டைவிட்டு வெளியேறுறதுக்கான டிக்கெட்டை, சரிபார்க்க முடியலன்னு ஒரே வரியில திருப்பிட்டாங்க. பேங்க் ஸ்டேட்மென்ட், ஹோட்டல் புக்கிங்ல எல்லாம் குறை சொல்லல.

மொத தடவை குடுத்தது காசு கட்டாம ஹோல்டுல போட்ட, அதாவது சீட்டை தற்காலிகமா பிடிச்சு வச்ச ஐட்டினரி (பயண விவரம்). ஹோல்டு ஓரிரு நாள்ல தானா கேன்சல் ஆயிடும், நம்ம ஃபைலை அவங்க கையில எடுக்குறதுக்குள்ள அது காலி. சரின்னு ரெண்டாவது தடவை ஏஜென்ட்கிட்ட காசு கட்டியே வாங்குனேன், அப்பவும் அதே பதில். இங்கதான் நாலு நாள் போச்சு.

அப்புறம் நானே ஏர்லைன் சைட்ல போய் பிஎன்ஆர் (புக்கிங் கோடு) அடிச்சுப் பாத்தா புக்கிங்கே இல்லங்குது. விஷயம் என்னன்னா ஏஜென்ட் தந்த ஆறெழுத்து கோடு அவங்க புக்கிங் சிஸ்டத்தோடது, ஏர்லைனோட கோடு வேற, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஏஜென்ட்கிட்ட கேட்டு ஏர்லைன் கோடை வாங்குனேன், கூடவே 13 இலக்க இ-டிக்கெட் நம்பரும். அந்த நம்பர் இருந்தாத்தான் டிக்கெட் நிஜமா இஷ்யூ ஆயிருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு: இறங்குற நாளையே முதல் நாளா எண்ணுறாங்க, என் டிக்கெட் 61வது நாள்ல விழுந்திருந்துச்சு. நல்லவேளை தேதி மாத்தக்கூடிய டிக்கெட், 58வது நாளுக்கு மாத்தி புது பிடிஎஃப் ஏத்துனேன். மூணாவது தடவை கேள்வியே கேக்காம விசா வந்துருச்சு, அப்பாடா.