பழைய டீசல் ஜீப், பிக்கப்: இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் நாமே பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுக்கு ஒரு முறை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும். அதே வயதைத் தாண்டி, சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தேறாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. அப்படியிருந்தும் பழைய டிஃபெண்டர், பஜேரோ, ஹைலக்ஸ் வைத்திருக்கும் பலர் முதல் நாள் வண்டியைக் கழுவி, டேங்கில் ஒரு டப்பா கிளீனரை ஊற்றிவிட்டுப் போய் வரிசையில் நிற்கிறார்கள். வண்டியைத் திருப்பி அனுப்பவைக்கும் குறைகளில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கும் கைக்கும் முன்பே தெரிபவை. மூன்று வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். பழைய வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்க நாளாகும்.

படி 1: அடிப்பக்கம்

மலேசியக் காட்டுப் பாதைக்குப் போய் வந்த வண்டியில் சேற்றைச் சேஸிலிருந்து முழுக்க நீக்குங்கள். ஒட்டிய சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே துருப்பிடிக்க விடும். பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகச் சத்தம் தரும். டிஃபெண்டரில் பின் குறுக்குச் சட்டத்தை முதலில் பாருங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு, இரவு அடியில் ஓர் அட்டையை விரியுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே கியர்பாக்ஸா, டிஃபரென்ஷியலா, ஸ்டியரிங் பாக்ஸா என்று பார்த்தால் ஆயில் கசிவு எங்கே என்று பிடித்துவிடலாம்.

படி 2: சக்கர ஆட்டம்

இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். சமதரையில், பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட், டிஃபெண்டரில் ஸ்விவல் பின் (முன் சக்கரம் திரும்ப உதவும் அச்சாணி). இடமும் வலமும் பிடித்து அசைத்தால் மட்டும் ஆடுகிறது என்றால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையைச் சந்தேகப்படுங்கள். பெரிய டயர் மாட்டிய வண்டிகளில் இந்த மூட்டுகள் சீக்கிரம் தேயும்.

படி 3: பிரேக்

ரப்பர் பிரேக் குழாய்களை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஃபெண்டரின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கு (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் இருக்கிறது. அந்தப் பெட்டியின் ஆயில் சீல் கசிந்தால் ஆயில் டிரம்முக்குள் இறங்கும், கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. முதலில் சீலை மாற்றச் சொல்லுங்கள்.

படி 4: புகை

டீசல் வண்டிகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வண்டியை உருளை மேல் ஏற்றி, சுமை கொடுத்து ஓட்டிப் புகையை அளப்பார்கள். வரம்பு 40 ஹெச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). சும்மா நிற்கும்போது புகை இல்லையே என்று நம்பிவிடாதீர்கள். சுமையில்தான் கறுப்பு வரும். காற்று குறைந்தாலோ டீசல் கூடினாலோ கறுப்புப் புகை. அதனால் இந்த வரிசையில் போங்கள்: ஏர் ஃபில்டர், டர்போ குழாய்களின் கிளாம்பும் கிழிசலும், இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுவது), கடைசியாக இன்ஜெக்டர் சோதனை. முதல் இரண்டுக்குச் செலவு மிகக் குறைவு. டப்பா கிளீனரால் கிழிந்த குழாய் ஒட்டாது. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. நேரே வொர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

படி 5: மிச்சம்

டயர் பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு வெளிச்சத்தை விட வேண்டும். சஸ்பென்ஷனை உயர்த்தியிருந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும், திருத்துங்கள். விளக்கு, ஹாரன், வைப்பர், பெல்ட் எல்லாம் ஐந்து நிமிட வேலை.

அன்றைய தினம்

பின்னால் கிடக்கும் சாமான்களை இறக்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். ஆனால் நிறுத்திய இடத்தில் ஓடவிடுவது இங்கே குற்றம், எனவே விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால், பிரேக்கைச் சோதிக்கும் உருளையில் ஏற்றுவதற்கு முன்பே ஆய்வாளரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு ஆக்ஸிலை மட்டும் சுழற்றினால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் கெட்டுப்போகலாம். தேறாவிட்டால் தரும் தாளை அப்படியே மெக்கானிக்கிடம் கொடுத்து, அதில் உள்ளதை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.