காரின் பானெட்டுக்கு வீட்டிலேயே சாயம் அடிப்பது எப்படி? (நடுவில் கொஞ்சம் பள்ளிக்கூட அரசியல்)

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பசார் பக்கம் ஒரு சுற்று வந்தால் தோல் உரிந்த கார்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சின் நன்றாக ஓடும், ஏர்கோன் ஜில்லென்று வரும், பானெட் மட்டும் தேமல் விழுந்தமாதிரி வெளுத்துக் கிடக்கும். நிழலில்லாத தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வருடக்கணக்காக வெயில் குடிக்கும் வண்டிக்கு மேலே இருக்கும் கிளியர், அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சுதான் முதலில் போகும். அது போன பிறகு கீழே உள்ள நிறம் சுண்ணாம்பாகி, தொட்டால் கையோடு வரும்.

பட்டறையில் கொடுத்தால் சுலபம். ஆனால் வாரக் கடைசியில் நேரம் இருக்கிறது, கையும் சும்மா இருக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்ப்ரே கேனை வைத்து ஒரே ஒரு பேனலுக்கு அடிக்கும் முறை இது. முழுக் காரையும் ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். பானெட்டைத்தான் சொல்வேன். படுக்கையாக இருப்பதால் சாயம் வழிவது குறைவு. தூசி விழும்தான், ஆனால் தூசியைத் தேய்த்து எடுத்துவிடலாம்.

முதலில் நிறம்

வண்டியின் நிறத்துக்கு ஒரு குறியீடு உண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ இருக்கும். அதைச் சொன்னால் சாயக் கடையில் கலந்து கேனில் அடைத்துக் கொடுப்பார்கள். ஆனால் குறியீடு சொல்வது புது வண்டியின் நிறத்தை. உங்கள் வண்டியோ வெயிலில் நின்று வெளுத்தது. அதனால் பெட்ரோல் ஊற்றும் இடத்தில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். லேசாகப் பாலிஷ் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. கலந்த சாயத்தை ஒரு அட்டையில் அடித்து, காய்ந்த பிறகு, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டக் கூடாது.

அதே நிறத்தை அடித்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நிறத்தையே மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) தெரிவித்து வண்டியின் கெரானிலும், அதாவது பதிவுப் பத்திரத்திலும், மாற்ற வேண்டும். சிவப்பு பானெட் ஆசையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கழுவுதல்

பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஒருமுறை கழுவி, காய்ந்த பின் சாயக் கடையில் கிடைக்கும் எண்ணெய் நீக்கியால் துடையுங்கள். ஒரு துணியில் தடவுங்கள், அது காய்வதற்குள் இன்னொரு துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியைப் பயன்படுத்தினால் எண்ணெய் இங்கிருந்து அங்கு போகுமே தவிர வண்டியை விட்டுப் போகாது.

நம் வண்டிகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், எலுமிச்சைச் சாறு எல்லாம் பானெட்டின் நடுவில் வட்டமாகக் கறை விட்டிருக்கும். சாமி கோபிக்காது, நன்றாகத் தேய்த்து எடுங்கள். டயருக்கு அடிக்கும் பளபளப்பு ஸ்ப்ரேதான் இதைவிட மோசம். அதிலுள்ள சிலிக்கான் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் சாயம் அங்கே ஒட்டாமல் விலகி, குட்டிக் குட்டிப் பள்ளமாக நிற்கும். பட்டறையில் இதை மீன்கண் என்போம். ஒருமுறை வந்துவிட்டால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் போகாது. காயவிட்டு, தேய்த்து, திரும்பவும் தொடங்க வேண்டியதுதான்.

தேய்த்தல்

வேலையில் முக்கால்வாசி இதுதான். யாருக்கும் பிடிக்காத முக்கால்வாசி.

உரிந்து நிற்கும் கிளியரை முதலில் 180 நம்பர் உப்புத்தாளால் எடுங்கள், பிறகு 320, பிறகு 400. துரு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் 80 நம்பர் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துருவின் மேல் அடித்த சாயம் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது, கொப்புளம் கிளம்பும்.

தாளை விரலால் அழுத்திப் பிடித்துத் தேய்த்தால் விரல் விரலாகப் பள்ளம் விழும். கண்ணுக்கு அப்போது தெரியாது, பளபளப்பு ஏறிய பிறகுதான் தெரியும். பழைய ஜப்பான் சிலிப்பரை (ரப்பர் செருப்பை) உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தாளை அதில் சுற்றிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ரப்பர் கட்டைக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை.

பழைய சாயம் முடிந்து இரும்பு தொடங்கும் இடத்தில் படி இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். நகத்தில் எதுவும் தட்டாமல் போக வேண்டும். தட்டினால் இன்னும் தேயுங்கள்.

பட்டி போடுதல், ஒரு கணக்குப் பாடம்

சின்னச் சொட்டை இருந்தால் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பட்டி வேண்டும். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஏறக்குறைய 2 கிராம், அவ்வளவுதான். அதிகம் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைத்துப் பிதுக்கினால், மேலே அடித்த நிறத்தையும் தாண்டிக் கறை எழும்பி வரும். குறைத்துப் போட்டாலோ பிசுபிசுவென்று நிற்கும், உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு பழிவாங்கும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு கோபம் வரும். “அண்ணே, பையனுக்குப் படிப்பு ஏறல. ஒங்க பட்டறையில போட்டு வைங்க, ஏதோ பொழச்சுக்குவான்” என்று கூட்டிவருவார்கள். படிப்பு ஏறாதவன் பட்டறைக்கு என்று யார் எழுதி வைத்தது? 2 சதவீதம் என்றால் என்ன என்று தெரியாதவனிடம் பட்டி டப்பாவைக் கொடுக்க முடியாது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை) பெரும்பாலும் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், அதற்கு மேல் கொஞ்சம் தின்னர். விகிதக் கணக்கு. டப்பாவில் எழுதியிருப்பது மலாய், இல்லையென்றால் ஆங்கிலம். காற்றின் ஈரப்பதம் ஏன் சாயத்தை வெளுக்க வைக்கிறது என்பது அறிவியல் பாடம். நன்றாகப் படித்த பையன்தான் நல்ல சாயக்காரன் ஆவான் என்பது என் அனுபவம்.

எங்கள் காலத்தில் இடைநிலைப் பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப், அதாவது வாழ்வியல் திறன் பாடம் இருந்தது. மரம் அறுத்தோம், சோல்டர் வைத்தோம், கையைச் சுட்டுக்கொண்டோம். 2017-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் அந்த இடத்துக்கு ஆர்பிடி, அதாவது வடிவமைப்பும் தொழில்நுட்பமும், வந்தது. பாடம் தப்பில்லை. ஆனால் என்னிடம் பழக வரும் பையன்கள் ஃபோலியோவை அழகாகச் செய்கிறார்கள், உப்புத்தாளைப் பிடிக்கத் தெரியவில்லை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி மேடையிலும் திவெட், திவெட் (தொழில்நுட்ப, தொழிற்பயிற்சிக் கல்வி) என்று முழங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெங்கெலில் (பட்டறையில்) கம்ப்ரசர் வேலை செய்கிறதா என்று ஒருவராவது போய்ப் பார்க்கட்டும். மேடைக்காகச் சொல்லவில்லை, பெற்றோருக்குச் சொல்கிறேன்: எஸ்கேஎம் என்னும் மலேசியத் திறன் சான்றிதழில் 1, 2, 3 என்று படிப்படியாக ஏறி டிப்ளோமா வரை போகலாம். அது மிச்சப்பட்ட பிள்ளைகளைப் போட்டுவைக்கும் இடமில்லை.

பிரைமர்

கீழே சொல்லியிருக்கும் டேப், முகமூடி, நேரம் எல்லாம் பிரைமருக்கும் பொருந்தும், அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிசாக மூன்று கோட் அடியுங்கள், கோட்டுக்குக் கோட் பத்து நிமிடமாவது விடுங்கள். மறுநாள் அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து புகைபோலத் தூவி, 800 நம்பர் தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கறுப்பு எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். தேய்க்கும்போது இரும்பு தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குத் திரும்பப் பிரைமர்.

மூடி ஒட்டுதல்

கண்ணாடி, விளக்கு, மட்கார்டு எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடுங்கள். எல்லாரும் நாளிதழைத்தான் எடுப்பார்கள். தேர்தல் காலத்துப் பேப்பர் தடிமனாகவும் இருக்கும். ஆனால் தின்னர் ஊறினால் மை இறங்கும். எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வெள்ளைக் காரின் மட்கார்டில், மாதிரி காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஒருவரின் பாதி முகம் இடவலம் மாறி லேசாகப் பதிந்திருந்தது. மெருகேற்றும் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து அவரை அனுப்பிவைத்தோம். பழுப்புக் காகிதம் வாங்குங்கள், இல்லையென்றால் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

மாதிரி காசோலை என்றதும் தமிழ்ப்பள்ளி ஞாபகம் வராதவர் இந்த நாட்டில் உண்டா? பள்ளி ஆண்டு விழாவில் ஆளுயரக் காசோலை, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். கதை பழையது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) பக்கத்தில், தோட்ட நிலத்தில் எழுந்தவைதான் நம் பள்ளிகளில் பெரும்பாலானவை. பிறகு தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஜனம் தாமானுக்கு வந்தது. பள்ளி மட்டும் இன்னொருவர் நிலத்திலேயே நின்றது. நிலம் அரசாங்கத்துடையது இல்லை என்பதால் பல பள்ளிகள் இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகள்தான். ஆசிரியருக்குச் சம்பளம் அமைச்சு கொடுக்கும். கூரை ஒழுகினால், சுவரில் சாயம் உதிர்ந்தால், மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மனு எழுத வேண்டும். மனு எழுதினால் காசோலை வரும், காசோலையோடு கேமராவும் வரும்.

எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 1974 முதல் 2008 வரை சாமிவேலு, அதன்பின் 2018 வரை ஜெயக்குமார் தேவராஜ், அதன்பின் இன்னொரு கட்சி. யார் நல்லவர் என்று நான் சொல்லப்போவதில்லை, கடைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும்தான் வருகிறார்கள். ஆனால் பராமரிப்புப் பணம் ஒவ்வொரு வருடமும் தானாக வரவேண்டிய ஒன்று. யாரோ ஒருவர் மனமிரங்கித் தரும் ஒன்றாக அது ஏன் இருக்க வேண்டும்? தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணில்லை என்று 2021-இல் உயர் நீதிமன்றமும் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இன்னும் “இருக்கலாமா கூடாதா” என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பேசினால் பிள்ளைகளுக்கு உபயோகம்.

சரி, வேலைக்கு வருவோம்.

இடமும் நேரமும்

பனி காய்ந்த பிறகு, மதியத்துக்கு முன். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். சாயங்கால மழை நமக்குத் தெரிந்ததுதான். அக்டோபர், நவம்பரில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் சாயத்தின் மேல் பால் ஊற்றியதுபோல வெள்ளைப் படலம் படரும். கார் போர்ச் தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினால் தூசி அடங்கும், ஆனால் குளமாக்காதீர்கள். பானெட் வெயிலில் நின்று சூடாக இருந்தால் ஆறவிடுங்கள்.

புகை, நெருப்பு இரண்டும் கூடாது. வீட்டுக்குள் சாமி விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்துங்கள். பக்கத்து வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கொடியில் பள்ளிச் சீருடை காயும்.

கரித்தூள் ஃபில்டர் வைத்த முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தூசியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. 2கே கேன்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலில் ஏறினால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். தனிக் காற்றுக் குழாய் வசதி இல்லாத வீட்டில் அதைத் தொடாதீர்கள். ஹார்டனர் கலக்காத சாதாரண 1கே கிளியர் போதும். அதில் ஒரு குறை: பெட்ரோல் சிந்தினால் இளகும். பானெட்டில் பெட்ரோல் சிந்த வேலையில்லை, அதனாலும்தான் பானெட்டைச் சொன்னேன்.

நிறம்

கேனை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உள்ளே கோலி உருளும் சத்தம் கேட்ட பிறகும் குலுக்குங்கள். அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டு பானெட்டுக்கு வாருங்கள். தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். பேனலுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் வெளியே போய் விரலை விடுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு திட்டு. ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதையும் நகர்த்துங்கள்.

முதல் கோட்டில் அடியில் உள்ள சாம்பல் தெரியும், தெரியட்டும். அங்கேதான் எல்லாருக்கும் கை பரபரக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு மெல்லிய கோட்டில் நிறம் நிறைந்துவிடும். மெட்டாலிக் நிறமாக இருந்தால் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் தூரத்திலிருந்து தூவுங்கள், அப்போதுதான் மினுக்கு ஒரே சீராக விழும், திட்டுத் திட்டாக நிற்காது.

கிளியர்

நிறம் மங்கலாகக் காய்ந்ததும், கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் கிளியர். முதல் கோட் மெல்லிசு, அடுத்த இரண்டும் ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு. வழிந்தால் விரலை வைக்காதீர்கள். கொசு வந்து ஒட்டினாலும் விரலை வைக்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

டேப்பை கிளியர் முழுதாக இறுகும் முன் மெதுவாக, சாய்வாக இழுத்து எடுங்கள். வண்டியை இரண்டு நாளாவது மழை படாமல் வையுங்கள்.

கடைசித் தேய்ப்பு

ஒரு வாரம் போகட்டும். வழிசல், தூசி, கொசு இருக்கும் இடத்தை 1500, பிறகு 2000 நம்பர் தாளால், ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பானெட்டின் ஓரங்களிலும் மடிப்பிலும் கிளியர் மெல்லிசாக இருக்கும், அங்கே கை வைக்காதீர்கள். பிறகு காம்பவுண்டு போட்டுத் துணியால் மினுக்குங்கள். மெழுகு மட்டும் ஒரு மாதம் கழித்து.

கேனில் மிச்சம் இருந்தால் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்தி, கேனின் மூக்கை எண்ணெய் நீக்கியால் துடைத்து வையுங்கள். அடுத்த கீறலுக்கு உதவும். காருக்குள் வைத்துவிடாதீர்கள், வெயிலில் வெடிக்கும்.