ஒரே சாப்பாடு, ஒரே நடை, அவருக்கு மட்டும் எப்படி எடை குறைகிறது? நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு கணக்கு

ஜனவரியில் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தேதான் ஆரம்பித்தோம். காபிக்குச் சர்க்கரை கிடையாது, ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி, காலையில் முக்கால் மணி நேரம் நடை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் அவருக்கு 3.8 கிலோ குறைந்திருக்கிறது, எனக்கு 900 கிராம். அதோடு விட்டாரா, "நீ யாருக்கும் தெரியாமல் முறுக்கு சாப்பிடுகிறாயா?" என்று கிண்டல் வேறு. (சாப்பிட்டேன்தான், ஆனால் இரண்டே இரண்டு.)

கோபத்தில் ஒரு நாள் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பு என் முறுக்கில் இல்லை, அவருடைய திட்டத்தை நான் பின்பற்றியதில் இருந்தது.

முதலில் கணக்கு

சும்மா படுத்திருந்தாலே உடம்பு எவ்வளவு கலோரி எரிக்கும் என்று சொல்ல மிஃப்லின் - செயின்ட் ஜியார் என்றொரு சூத்திரம் இருக்கிறது. 1990-இல் வந்தது, பெரும்பாலான டயட் செயலிகளுக்குள் இருப்பதும் இதுதான். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். பாருங்கள், இந்தக் கடைசி வரியிலேயே நமக்கு 166 போய்விட்டது!

வீட்டுக்காரருக்கு வயது 50, உயரம் 172, எடை 82. விடை 1,650. எனக்கு வயது 47, உயரம் 156, எடை 70. விடை 1,279. இது படுத்திருந்தால் எரிவது மட்டும்தான், ஒரு நாளின் மொத்தத் தேவையைப் பார்க்க, இரண்டு பேருக்கும் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் 1.2-ஆல் பெருக்கினேன், அவருக்கு 1,980, எனக்கு 1,535. நாங்கள் சாப்பிட்டது ஆளுக்குச் சுமார் 1,500. அதாவது நடையைச் சேர்க்காமலே அவருக்குத் தினம் 480 கலோரி துண்டு விழுகிறது, எனக்கு 35. முப்பத்தைந்து, ஒரு இட்லிக்குக் கூடக் காணாது! எனக்கு இறங்கிய கொஞ்சநஞ்சமும் நடந்ததால் இறங்கியதுதான்.

இது தோராயமான சூத்திரம், ஆளுக்கு ஆள் நூறு இருநூறு கூடும் குறையும். ஆனாலும் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

ஏன் இந்த வித்தியாசம்

பெரிய காரணம் தசை. ஆண்களுக்குத் தசை அதிகம், சும்மா இருக்கும்போதும் கொழுப்பைவிடத் தசைதான் அதிகம் எரிக்கும். இன்னொன்று, கொழுப்பு சேரும் இடம். ஆண்களுக்குத் தொப்பைக்குள் சேரும், சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவதும் பெரும்பாலும் அதுதான், அதனால் ஒரே மாதத்தில் பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போய்விடும். நமக்கு இடுப்பிலும் தொடையிலும் சேரும், அது லேசில் அசையாது. மாதவிடாய் நிற்கப் போகிற காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது நமக்கும் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர ஆரம்பிக்கிறது. எடை ஏறாமலே ஜாக்கெட் இறுகுவது இதனால்தான்.

"நாற்பது ஆனாலே மெட்டபாலிசம் (உடம்பு கலோரி எரிக்கும் வேகம்) படுத்துவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். 2021-இல் சயின்ஸ் இதழில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. உடம்பின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வரை எரியும் வேகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறதாம், ஆணுக்கும் சரி பெண்ணுக்கும் சரி. அப்படியானால் மாறுவது தசையும் அசைவும் தூக்கமும்தான். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் இந்த மூன்றிலும் நாம் கை வைக்க முடியும்.

அளவு எடுப்பது

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். மாதவிடாய் நெருங்கும் நாட்களில் உடம்பில் நீர் தங்கியே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது, அங்கே நம்மை நாமே ஏமாற்றி என்ன ஆகப்போகிறது? இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

சாப்பாட்டில் எவ்வளவு குறைப்பது

"தினம் 500 குறை" என்பது அவருக்குச் சரி. என் 1,535-இல் 500 போனால் மிச்சம் 1,035, அதில் தலை சுற்றும், முடி கொட்டும், இருக்கிற தசையும் கரையும். அதனால் சாப்பாட்டில் 250 மட்டும் எடுங்கள், மீதியை நடையில் பார்த்துக்கொள்ளலாம். என் 250 எங்கே கிடைத்தது என்றால், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, பொரியலுக்கும் தோசைக்கும் ஊற்றியதில் அதை எடுத்தேன். அப்புறம் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, வீணாகப் போகிறதே என்று நின்றுகொண்டே வாயில் போடுவோமே, அது. வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கமே கிடையாது, பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத்தான் அது வரும்.

அரிசியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, அளவைக் குறைத்து அந்த இடத்தில் புரதம் வையுங்கள். பெரியவர்களுக்குத் தினம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்கு, எனக்கு 58 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 13, 100 கிராம் மீனில் சுமார் 20. மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் ஆறு ஏழைத் தாண்டாது, அதனால் காலையிலேயே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள்.

தசைக்கு வேலை

நடை மட்டும் போதாது, நான் ரொம்ப நாள் தவறவிட்டது இதைத்தான். வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சரியாக ஒரு கிலோ, கைக்கு ஒன்றாக எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது பத்து. மொத்தம் மூன்று சுற்று. சுலபமாகத் தோன்ற ஆரம்பித்ததும் இரண்டு லிட்டர் பாட்டிலுக்குப் போங்கள். முட்டி வலித்தால் உயரமான நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டியது

எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று மாதமாக அளவும் அசையவில்லை, கூடவே அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்க முடியவில்லை என்றால் தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், தைராய்டு குறைபாடு பெண்களுக்குத்தான் அதிகம். ராத்திரி குப்பென்று சூடாகி வியர்த்துத் தூக்கம் கெட்டால் மறுநாள் பசி தாறுமாறாக இருக்கும், அதற்கும் சிகிச்சை உண்டு, பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டால் உடனே போக வேண்டும், எடைக் கதையை அப்புறம் பார்க்கலாம்.

எடை குறையக் குறையச் சூத்திரத்தை மறுபடி போட வேண்டும், 1.2-ஆல் பெருக்கும் முன் வரும் விடை ஒரு கிலோவுக்குப் பத்து பத்தாக இறங்கும். 70-இலிருந்து 66-க்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது, அதற்குள் தினத் தேவை 1,487 ஆகிவிட்டது. அந்த 48-ஐ இன்னொரு கால் மணி நேரம் நடந்து சரிக்கட்டுகிறேன். வீட்டுக்காரர் 77-இல் இரண்டு மாதமாக அப்படியே நிற்கிறார், நேற்று சமையலறைக்கு வந்து டேப்பை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.