தெர்மோஸ்டாட்டை மாற்றிய பிறகும் முள் ஏறுகிறதா?

காரின் தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடானதும் திறந்து, கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மேல் ஹோஸையும் (எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்) வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்தாயிற்று. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைச் சாலையில் கார் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் செல்லும் ஏற்றத்தில் வெப்பமானி முள் மீண்டும் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்கிறது. இந்த நிலையில் பலரும் அடுத்ததாக வாட்டர் பம்ப், அதற்கும் சரியாகாவிட்டால் ரேடியேட்டர் என்று வாங்கிப் போட்டுக்கொண்டே போவார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: இது பழைய கோளாறின் தொடர்ச்சியா, வேலை செய்த பிறகு புதிதாக வந்ததா? புதியது என்றால், நம் கை பட்ட இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த வெந்நீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

வேலைக்குப் பின் வரும் வெப்பக் கோளாறுகளில் அடிக்கடி ஏமாற்றுவது, குழாய்க்குள் சிக்கிய காற்று. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பழைய காருக்கு இதே வேலையைச் செய்துவிட்டு, கடையில் வாங்கிய புதிய தெர்மோஸ்டாட்டை நான் திட்டிக்கொண்டிருந்தபோது, மாமா வந்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொல்லி, காற்று வரும் துவாரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முள் உச்சியில் நிற்க, ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வந்தது. “தண்ணி ஓடலைடா, உள்ளே காத்து நிக்குது” என்றார். டாஷ்போர்டுக்குப் பின்னால் கேட்ட களகளவென்ற ஓசையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை.

காற்றை வெளியேற்ற, ஆறிய காரை முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சாட்ஸ்வொர்த்தில் சரிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து, கூலன்ட்டை மெதுவாக விளிம்பு வரை ஊற்றி, எஞ்சினை நின்ற நிலையில் ஓட விடுங்கள். சிறிது நேரத்தில் மேல் ஹோஸ் சட்டென்று சூடாகும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது மட்டம் இறங்கும், குமிழிகள் வரும். தடித்த துணியைச் சுற்றி மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டு, குமிழிகள் அடங்கும்வரை ஊற்றிக்கொண்டிருந்து, பிறகு மூடுங்கள். சில கார்களில் காற்றை விடுவதற்கென்றே தனித் திருகு இருக்கும். வேறு சிலவற்றில் ரேடியேட்டருக்கு மூடியே இல்லாமல் கூலன்ட் தொட்டியில்தான் ஊற்ற வேண்டியிருக்கும். அவற்றுக்குக் கையேட்டில் உள்ள முறையையே பின்பற்ற வேண்டும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பாருங்கள். சுருள்வில் எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். காற்றை விடும் சிறு ஆடுவால்வு இருந்தால் அது பெரும்பாலும் மேலே நிற்க வேண்டும். வால்வின் இடுக்கில் ஒரு நூலைச் செருகி, அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கிச் சூடேற்றினால், வால்வு திறக்கும் கணத்தில் அது நூலை விட்டுக் கீழே விழும். பல கார்களில் இது 82 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் நிகழும். சமையலறைப் பாத்திரத்தை இதற்கு எடுக்க வேண்டாம்.

மின்விசிறியின் கனெக்டரைத் திரும்பச் செருகினீர்களா? ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் விசிறி சுழலும். சுழலவில்லை என்றால் கனெக்டரையும் ஃபியூஸையும் பாருங்கள். மூடியும் முக்கியம்: எஞ்சின் ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால், மூடியிலுள்ள வெற்றிட வால்வு திறக்கவில்லை என்று பொருள். புதிய மூடியில் பழையதில் உள்ள அதே அழுத்த எண் இருக்க வேண்டும்.

டர்பனில் தண்ணீர் உறைவதில்லை, எனவே கூலன்ட் எதற்கு என்று வெறும் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு. கூலன்ட் துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை நினைத்தால், உள்நாட்டுப் பயணத்துக்கு வெறும் தண்ணீர் ஏன் போதாது என்பது விளங்கும். வடித்த கூலன்ட்டைத் தரையில் விட வேண்டாம். அதன் இனிப்புக்காக நாய்கள் நக்கும், அது அவற்றைக் கொல்லும் நஞ்சு.

எல்லாம் முடிந்ததும் பக்கத்துத் தெருக்களில் கால் மணி நேரம் ஓட்டி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். புனித வெள்ளித் தீமிதிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளம்பும் நாளைச் சோதனை நாளாக்கிக்கொள்ளாதீர்கள். மட்டம் சற்றே இறங்கியிருந்தால், எஞ்சியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பினால் போதும். தினமும் இறங்கினாலோ, குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, புகைக்குழாயிலிருந்து இனித்த வாடையுடன் வெண்புகை எழுந்தாலோ, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். அதன்பின் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகாமல், இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.